தூணில் ஒட்டிய பச்சை வளையல்

ராபியா முறைத்துப் பார்த்தால் பாலில் கலந்த தண்ணீர் தானாகப் பிரிந்து நிற்கும் என்று முட்டுக்காட்டில் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை; பால்காரர் பார்த்திருக்கிறார்.

செங்கல்பட்டு பஜாரில் முப்பத்திரண்டு வருடம் வளையல் கடை வைத்திருந்தவர். கடையை விற்ற பணத்தில் முட்டுக்காட்டில், உப்பங்கழி தெரிகிற மாதிரி ஒரு ஃபிளாட் வாங்கினார். அவர் படுக்கும் அறைக்கு நேர் கீழே கார் நிறுத்துமிடத்தின் ஏழாம் தூண். அதில்தான் விரிசல்.

"பூச்சு மட்டும்தாம்மா வெடிச்சிருக்கு" என்றார் கட்டிய கம்பெனியின் இன்ஜினியர் ஹேமந்த்.

"பூச்சு வெடிச்சா இன்னாத்துக்கு தம்பி துருத்தண்ணி வடியுது?"

ஹேமந்த் பெயிண்ட் அடிக்க ஆள் அனுப்பினார்.

வீட்டை ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைக் கட்டியவரே சரிசெய்ய வேண்டும் என்பது சட்டம். அந்த ஐந்து வருடம் முடியப் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் 'குறை ஏதும் இல்லை' என்ற கடிதத்தில் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கையெழுத்தை வாங்கிவிடக் கம்பெனி பறந்தது. சங்கச் செயலாளர் பரணிதரன் அதைவிட வேகமாகப் பறந்தார். அவருடைய கார் மட்டும் சமீபமாக இரண்டு கார் இடத்தில் கால் நீட்டிப் படுத்திருப்பதையும் ராபியா கவனித்து வைத்தார்.

விரிசல் வளர்கிறதா என்று பார்க்க ஒரு பச்சைக் கண்ணாடி வளையலை உடைத்தார். ஒரு துண்டை விரிசலின் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் பசை போட்டு ஒட்டி, பக்கத்தில் தேதியும் எழுதினார். தூண் அசைந்தால் கண்ணாடி முறிந்துவிடும். பிறகு மகள் ஜன்னாவைப் பார்க்கச் சதுரங்கப்பட்டினம் போய், நான்கு நாள் கழித்துத் திரும்பினார்.

அன்று மாலையே தூணடியில் கூட்டம்.

"பாருங்க ராபியாம்மா, வளையலு அப்டியே கீது. கையெழுத்து போட்றலாமா?" என்றார் பரணிதரன்.

ராபியா கைப்பையிலிருந்து மீதி வளையலை எடுத்துத் துண்டின் மேல் வைத்தார். வளைவு சேரவில்லை.

"நானு ஒட்னது ரெண்டு நாலு சைஸு. இது ரெண்டு எட்டு. தூண்ல கீற வளையலு நாலு நாள்ல பெருசாவுமா தம்பி?"

"பச்சைக்குப் பச்சை சரியாத்தானே வச்சேன்..." என்று ஆரம்பித்த பரணிதரன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கலரு பாத்தே, அளவு பாத்தியா? அனு, போன ஆடிப்பூரத்துக்கு உனுக்கு நானு போட்டுவுட்டது ஒரு டஜன். எண்ணு கண்ணு."

பரணிதரனின் மனைவி அனு எண்ணினாள். பதினொன்று.

"ஏங்க, கழட்டி வச்சது கீய வியுந்து ஒடைஞ்சிச்சுன்னு சொன்னீங்களே!"

பரணிதரன் தரையைப் பார்த்தார். "செவ்வாக்கெழமையே முறிஞ்சிச்சும்மா. எல்லாரும் பயப்படுவாங்கன்னு..."

"பயப்படத்தானய்யா ஒட்னேன்!"

கடிதம் அங்கேயே கிழிந்தது. இருட்டுவதற்குள் நாற்பத்தெட்டு வீட்டில் நாற்பத்தேழு வீடு புகார் மனுவில் கையெழுத்துப் போட்டது. நாற்பத்தெட்டாவது கையெழுத்தை அனு போட்டாள்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே கம்பெனி தூணைச் சுற்றித் தாங்கி நிற்க இரும்பு முட்டுகளை இறக்கி, தூணைச் சரிசெய்வதாக எழுதியும் கொடுத்தது. ராபியா முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். தூணில் புதிய வளையல் துண்டு ஒட்டினார். இன்னொன்றையும் எங்கோ ஒட்டியிருக்கிறார். எங்கே என்று ஜன்னாவிடம்கூடச் சொல்லவில்லை.