ரெக்சீன் என்று சொன்ன பை

கொடிகாமத்துக் கமலாவதி ஒரு பொய்க்காரி. இதை ஊரில் யாரும் சொல்லவில்லை, அவளே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுதான். கலியாணம் பேசித் திரிகிறவள் வேறு எப்படி இருக்க முடியும் என்பது அவளுடைய நியாயம். முப்பத்தைந்து முடிந்த பிள்ளைக்கு "முப்பத்திமூண்டு நடக்குது" என்பாள். "பெடியன் குடிக்கமாட்டான்" என்றால் பகலில் குடிக்கமாட்டான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சாதகம் கைக்கு வந்து எண்ணிப் பார்த்தால் வயது தெரிந்துவிடும்தான். ஆனால் அதற்குள் இரண்டு வீட்டாரும் ஒருவர் வீட்டுப் பலகாரத்தை மற்றவர் சாப்பிட்டிருப்பார்கள்.

கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் வேலையை விட்டு வந்த கையோடு இந்தத் தொழிலில் இறங்கியவள். இப்போது வயது அறுபத்திரண்டு. அதில் அவள் ஒன்றையும் குறைப்பதில்லை, குறைத்தாலும் நம்ப ஆளில்லை. இத்தனைக்கும் அவளுடைய சொந்தக் கலியாணத்தை யாரும் பேசவில்லை. சாதகமும் பார்க்கவில்லை. தானே ஒருவரைப் பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்டவள், ஊராருக்கெல்லாம் செவ்வாய் எத்தனையாம் வீடு என்று ஸ்கூட்டியில் போய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இந்தத் தொழிலுக்கு வாய்க்கு அடுத்தபடி வேண்டியது பை. அறுபது எழுபது சாதகம், படங்கள், பஞ்சாங்கம், மூக்குக்கண்ணாடிக் கூடு, தண்ணீர்ப் போத்தல், மழைக்கோட்டு எல்லாம் அதற்குள்தான். வாய் இத்தனை வருடம் தேயாமல் நின்றது. பை நிற்கவில்லை. யாழ்ப்பாண ரவுண் கடையொன்றில் "அசல் லெதர்" என்று சொல்லித் தந்த பை மூன்றாம் மாதமே உரியத் தொடங்கியது. ஒரு மாப்பிள்ளை வீட்டு வெள்ளைச் சோபாவில் அதன் கறுப்புத் துகள் கொட்டியிருக்க, அவள் எழும்பிப் போன பிறகு மாப்பிள்ளையின் தாய் எறும்பென்று நினைத்து மருந்தடித்தாவாம். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. பிறகு துணிப்பை ஒன்று வாங்கினாள். ஐப்பசி மழையில் அது ஊறி, ஒரு பெடியனுடைய சாதகத்தில் ஏழாம் வீட்டில் இருந்த சனி பகவான் மையோடு கரைந்து எட்டாம் வீட்டுக்குப் போய்விட்டார். கமலாவதி தன் செலவில் புதிதாக எழுதுவித்துக் கொடுத்தாள். பழையதைவிட இதுதான் நல்லாயிருக்கிறது என்று பெடியனின் தாய் சொன்னது வேறு கதை.

அதற்குப் பிறகுதான் சுண்டுக்குளிக்குப் போனாள். அங்கே ஜெசிதா என்ற பிள்ளை, வீட்டு முன்னறையில் மேசை போட்டுத் தோல்பை தைத்து விற்றுக்கொண்டிருந்தாள். மேசையில் மூன்று பைகள் இருந்தன. ஒன்று தேன் நிறத்தில் பளபளவென்று, தொட்டால் வெண்ணெய். இன்னொன்று ஆயிரம் பொக்கற் வைத்தது. மூன்றாவது மண்நிறம், தடிப்பு, முகப்பில் ஒரு நீளத் தழும்பு வேறு. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு "வடிவைப் பாக்காதேங்கோ, குணத்தைப் பாருங்கோ" என்று சொல்லி வந்த கமலாவதி, அரை மணித்தியாலமாக அந்தத் தேன் நிறப் பையையே தடவிக்கொண்டு நின்றாள்.

"அன்ரி, உது விசேசங்களுக்குக் கொண்டு போறது," என்றாள் ஜெசிதா. "நீங்கள் தினம் தினம் ஸ்கூட்டியில கொண்டு திரியிறதெண்டா ஒரு வருசத்தில மூலை தேஞ்சிடும். இதைப் பாருங்கோ. வாரை இழுத்துப் பாருங்கோ, நடுவில பொருத்து இல்லை, ஒரே துண்டு. தையல் மெசினிலை போட்டதில்லை. மெழுகு பூசின நூல், ரண்டு ஊசியாலை தைக்கிறது. ஒரு இழை அறுந்தாலும் மற்ற இழை பிடிச்சுக்கொண்டு நிக்கும்."

"உள்ளுக்கு லைனிங் போடேல்லையோ பிள்ளை?"

"இல்லை அன்ரி. லைனிங் போட்டா உள்ளுக்குள்ள என்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியாது. வடிவாத் திறந்து பாருங்கோ."

"இந்தத் தழும்பு?"

"மாடு முள்ளுக்கம்பியில உரசினது. பழுதில்லை. நான் அதை மறைக்கிறேல்லை, வாங்கிற எல்லாருக்கும் காட்டித்தான் குடுக்கிறனான்."

கமலாவதிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளாக இருந்திருந்தால் "அது வெளிச்சம் விழுற மாதிரி" என்று சொல்லிச் சமாளித்திருப்பாள். பிறகுதான் ஜெசிதா சொன்ன முதல் சொல் காதில் ஏறியது.

"மாடோ? ஆட்டுத்தோல் இல்லையோ?"

"ஆட்டுத்தோல் மெல்லிசு அன்ரி. உங்கடை பாரம் தாங்காது."

கமலாவதி செவ்வாய், வெள்ளியில் மச்ச மாமிசம் தொடமாட்டாள். மற்ற ஐந்து நாளும் மீனில்லாமல் சோறு இறங்காது. அதேபோல் இந்தப் பையையும் ஐந்து நாள் கொழுவிக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் விடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். யோசித்தது தனக்கே சிரிப்பாக இருந்தது. விலை கேட்டுத் தலை சுற்றி, ஒரு கிழமை கழித்து வந்து வாங்கிப் போனாள்.

வாங்கிய பிறகுதான் வில்லங்கம் தொடங்கியது. சாதகம் ஒன்று வீட்டுக்கு வந்தால் முதலில் அதைச் சாமி அறையில் வைப்பார்கள். மூன்று நாளைக்குள் வீட்டில் கெட்ட சகுனம் ஒன்றும் நடக்காவிட்டால்தான் பொருத்தம் பார்க்கக் கொண்டுபோவார்கள். அப்படிச் சாமிக்கு முன்னால் போகிற கடதாசி மாட்டுத்தோலுக்குள் இருந்து வந்தது என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்? முதல் வீட்டிலேயே "என்ன, தோலோ?" என்று கேட்டார்கள். அவளைக் கேளாமலே அவளுடைய வாய் "சீச்சீ, ரெக்சீன்" என்றது. ரெக்சீன் என்ற போலித்தோலைக் கொடுத்து லெதர் என்று ஏமாற்றுகிற உலகத்தில், லெதரை வாங்கி ரெக்சீன் என்று சத்தியம் பண்ணுகிற ஒரே மனுசி தானாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பை மட்டும் நாளுக்கு நாள் மெருகேறி வந்தது. நல்ல பையைத் தெரிந்தெடுத்தேன் என்று நாலு பேருக்குச் சொல்ல முடியாதது அவளுக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது.

அந்தப் பைக்குள் இருந்த சாதகங்களில் ஒன்று சிவகௌரியினுடையது. பருத்தித்துறையில் கணித ரீச்சர். பதினொரு வருடமாகக் கமலாவதி அதைக் கொண்டு திரிகிறாள். முதலில் செவ்வாய் என்றார்கள். பிறகு நிறம் காணாது என்றார்கள். ஒரு வீட்டார் உயரம் கூட என்றார்கள். கடைசியில் எல்லா வீட்டாருக்கும் வயது கூட என்ற ஒரு காரணமே போதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் கமலாவதிதான் போய்ச் சொல்ல வேண்டும். மற்றச் சாதகங்கள் அவளுக்குத் தொழில். இந்த ஒன்றுதான் அவளுடைய நெஞ்சை அறுப்பது. கமலாவதிக்கு அந்தப் பிள்ளையில் அவ்வளவு விருப்பம்.

கீரிமலையிலிருந்து மயூரதன் என்ற பெடியனின் சம்பந்தம் வந்தபோது சிவகௌரி ஒரு நிபந்தனை போட்டாள்.

"அன்ரி, இந்தமுறை ஒரு பொய்யும் வேண்டாம். வயதைக் குறைக்காதேங்கோ. செவ்வாயை மறைக்காதேங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ. இதுவும் சரிவராட்டி இனி எனக்குப் பாக்கவேண்டாம். என்னாலை ஏலாது."

கமலாவதி வாக்குக் கொடுத்தாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியும் விட்டாள். பன்னிரண்டு வருடத் தொழிலில் முதல்தடவையாக "பிள்ளைக்கு முப்பத்தேழு முடிஞ்சுது, செவ்வாய் இருக்கு" என்று போனில் சொல்லிவிட்டு, வாயில் கொப்புளம் போட்டதுபோல் அன்றைக்கு முழுவதும் பேசாமல் இருந்தாள். அதிசயம், மயூரதனின் தாய் பத்மாவதி "என்ரை மோனுக்கும் நாப்பது தானே அக்கா, அவனுக்கும் செவ்வாய் இருக்கு" என்றாள். போனில் அனுப்பிய பிரதியை வைத்துப் பொருத்தம் பார்த்தார்கள். பொருந்தியது. சாமி அறையில் வைக்க மூலச் சாதகத்தைக் கொண்டுவந்து தரச்சொன்னார்கள்.

கீரிமலை வீடு சுத்த சைவம். மாப்பிள்ளையின் தகப்பன் பொன்னம்பலம் ஊர்க் கோயிலின் பரிபாலன சபைத் தலைவர். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். கமலாவதி பையைக் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் வைக்கப் போனாள்.

"சாதகம் இருக்கிற பையை நிலத்தில வைக்கக்கூடாது," என்றார் பொன்னம்பலம். "உது தோலில்லைத்தானே?"

"சீச்சீ. ரெக்சீன் ஐயா."

"அப்ப பையோடையே சாமி அறைக்கை வையுங்கோ."

இப்படி ஒரு மரியாதையை அவள் எதிர்பார்க்கவில்லை. பத்மாவதி முன்னே போய்க் கதவைத் திறக்க, கமலாவதி மாட்டுத்தோல் பையைக் கொண்டுபோய்க் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். படத்திலிருந்த பிள்ளையார் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அதைப் பக்தி என்று பத்மாவதி நினைத்துக்கொண்டாள்.

பிறகு தேத்தண்ணி வந்தது. உளுந்து வடை வந்தது. எல்லாம் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. "வாற வெள்ளிக்கிழமை பிள்ளையைப் பாக்க வாறம்" என்று பொன்னம்பலம் தன் வாயால் சொன்னார். கமலாவதி சாதகத்தைச் சாமி அறையில் எடுத்து வைத்துவிட்டு, பையைத் தோளில் கொழுவிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். இன்னும் ஐந்து அடி வைத்திருந்தால் ஸ்கூட்டியில் ஏறியிருப்பாள்.

பொன்னம்பலம் நல்ல மனநிலையில் இருந்தார். பையைப் பார்த்து, ஒரு உபசாரத்துக்குத்தான் சொன்னார்:

"பை வடிவாத்தான் இருக்கு. ஆனா உந்த ரெக்சீன் நிண்டு பிடியாது கண்டியளோ. ஒரு மழை கண்டா உரிஞ்சு போம். ரண்டு மாசம் பாவிக்கமாட்டியள்."

"ஓம் ஐயா" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஆறு மாதமாக உள்ளே அடக்கி வைத்த பெருமை முன்னுக்கு வந்து நின்றுவிட்டது.

"என்னது, உரியுமோ? என்ன கதை கதைக்கிறியள்! ஆறு மாசமாப் பாவிக்கிறன், ஒரு தையல் விட்டிருக்கோ பாருங்கோ. வாரைப் பாருங்கோ, ஒரே துண்டு. மெழுகு நூல், ரண்டு ஊசியாலை கையாலை தைச்சது. மழையிலை நனைஞ்சும் ஒண்டும் ஆகேல்லை. முழுத்தோல் ஐயா இது, முழு..."

அதோடு நின்றது. 'மாட்டு' என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பையின் முகப்பில் கம்பி உரசிய தழும்பையே பொன்னம்பலம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போனார். சாமி அறையில் தெளிக்க மஞ்சள் கரைக்கச் செம்பு எடுக்கும் சத்தம் கேட்டது.

பத்மாவதி கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்துகிற வீட்டைச் சமாளிக்கக் கமலாவதிக்குத் தெரியும். பத்மாவதி மெல்லத்தான் கேட்டாள்.

"அப்ப பிள்ளைக்கு முப்பத்தேழு எண்டதும் உப்பிடித்தானோ அக்கா?"

"ஐயோ, இல்லை! அது உண்மை. சத்தியமா உண்மை. பையைப் பற்றித்தான் பொய் சொன்னனான்."

"சாமிக்கு முன்னாலை கொண்டு போய் வைக்கேக்கையும் நீங்கள் வாய் திறக்கேல்லை. இனி நீங்கள் சொல்லுறதில எதை நாங்கள் நம்பிறது?"

பத்மாவதி சாதகத்தைக் கொண்டுவந்து கையில் தரவில்லை. கதிரையில் வைத்தாள். கமலாவதிக்கு அதில் பிழை சொல்ல இடமிருக்கவில்லை. ஆயிரம் பொய் சொன்ன வீடுகளிலெல்லாம் மாலை மரியாதையோடு திரும்பி வந்தவள், ஒரு பிள்ளையைப் பற்றி உண்மையை மட்டுமே சொன்ன வீட்டில் கள்ளியாகப் பிடிபட்டாள். தன் புத்தியை எந்தக் கடையில் விற்கலாம் என்று யோசித்தபடி ஸ்கூட்டியை எடுத்தாள்.

கடற்கரை வீதியால் பருத்தித்துறைக்குப் போகும் வழியில் மூன்று பொய்கள் ஆயத்தமாகின. பெடியனுக்குத் திடீரென்று கனடா சரிவந்துவிட்டது. பெடியன் வீட்டார் கேட்ட சீதனம் எங்களுக்குக் கட்டாது. பெடியனுக்கு வேறு எங்கேயோ விருப்பம் இருக்கிறதாம். மூன்றாவதுதான் நல்ல பொய். யாருக்கும் நோகாது. தொண்டைமானாற்றுப் பாலம் தாண்டும்போது அதையே சொல்வதென்று தீர்மானித்து, இரண்டுமுறை சத்தமாகச் சொல்லியும் பார்த்தாள்.

சிவகௌரி சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கமலாவதியின் முகத்தைப் பார்த்ததுமே பேனையை மூடி வைத்தாள். பதினொரு வருடமாகப் பழகிய முகம் அது. அந்தப் பேனை மூடிய சத்தத்தோடு கமலாவதியின் மூன்றாவது பொய் எங்கேயோ போய்விட்டது. இருந்த கதிரையை விட்டு எழும்பாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பையை, ரெக்சீனை, குத்துவிளக்கை, தன் வாயை, மஞ்சள் தண்ணியை. ஒன்றையும் குறைக்கவில்லை.

"என்ரை வயதைச் சொன்னனீங்களோ?" என்று கேட்டாள் சிவகௌரி.

"சொன்னனான் பிள்ளை. முப்பத்தேழு எண்டுதான்."

"செவ்வாயை?"

"அதையும்."

"படம் பாத்தவையோ?"

"பாத்தவை. பள்ளிக்கூட வாசலிலை எடுத்ததுதான். பவுடரும் இல்லாதது."

"அதெல்லாம் பாத்திட்டோ வெள்ளிக்கிழமை வாறம் எண்டவை?"

"ஓம். வடை சுட்டுத் தந்து சொன்னவை."

"பிறகு பையாலை குழம்பினதோ?"

"பையிலை பிழையில்லை பிள்ளை. என்ரை கொழுப்பாலை."

கமலாவதி பேச்சு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள். வாங்க வேண்டியதுதான், இன்னும் கூடவும் வாங்கலாம். ஆனால் கேட்டது வேறு மாதிரியான சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல்.

"பதினொரு வருசத்திலை இதுதான் அன்ரி முதல்தரம்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னாலை குழம்பாதது."

கமலாவதிக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் எத்தனை வீட்டுச் சொல்லை இந்தப் பிள்ளையிடம் கொண்டுவந்து கொட்டினேன் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தாள், வாய் வரவில்லை. வேண்டாத நேரத்திலெல்லாம் வருகிற வாய்.

சிவகௌரி சோதனைத் தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"சரி, அழுதது காணும்," என்றாள். "வேறை ஆரும் இருக்கினமோ எண்டு பாருங்கோ."