ஆலாக்களுக்கு லூயிஸ் கொடுத்த ரிப்போர்ட்

"லூயிஸ் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்ட அந்த லூயிஸே வந்தாலும் திருத்த முடியாது."

முத்தியால்பேட்டையில் இந்தப் பிரகடனத்தைக் கேட்டிராதவர்கள் இதுவரை ரத்தம் கொடுக்காத பாக்கியசாலிகள் மட்டுமே. இருபத்தாறு வருடமாக ரத்தப் பரிசோதனைக்கூடம் நடத்திவரும் லூயிஸ், 'எனக்கு இவ்ளோ சர்க்கரை இருக்காதே' என்று முறையிட்டு வந்த எத்தனையோ பேரை இந்த ஒரே வாக்கியத்தால் படியிறக்கி அனுப்பியிருக்கிறார். அவர்களும் போய் இனிப்பைக் குறைத்துக்கொண்டார்கள். ஊர் நலமாகத்தான் இருந்தது, ஆலாக்கள் வரும்வரை.

புயலில் கரை ஒதுங்கிய ஆலா என்னும் கடற்பறவைகள் பதினொன்றை வைத்திக்குப்பத்து மீனவர் பக்கிரி பொறுக்கிவந்து, வலை வைக்கும் கொட்டகையில் விட்டு, நெத்திலி ஊட்டிக்கொண்டிருந்தார். கடற்பறவை மருத்துவரான சிவசங்கரி அவற்றின் இறக்கை நரம்பிலிருந்து சில துளி ரத்தம் எடுத்து, பக்கத்தில் வேறு போக்கிடம் இல்லாததால் லூயிஸிடம் வந்தார். நோய்த்தொற்று இல்லையென்றால் பறக்க விடலாம். இருந்தால் பதினொன்றையும் கொன்று முடித்துவிட வேண்டும் என்பது கால்நடைத்துறை மேலிடத்து உத்தரவு.

"மெஷின்ல விட்றாதீங்க சார். மைக்ராஸ்கோப்ல வச்சுக் கையாலதான் எண்ணணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கையால் எண்ணுவதாம்! லூயிஸ் மெஷினில் விட்டார். மனிதருக்குப் பதினோராயிரத்தைத் தாண்டக் கூடாத வெள்ளணு, ஆலாவுக்கு மூன்று லட்சம் என்றது மெஷின். பதினொன்றுக்கும் அப்படியே. 'கடுமையான தொற்று' என்று எழுதி, வால் நீண்ட தன் கையெழுத்தைப் போட்டு, அதே சூட்டில் மேலிடத்துக்கு வாட்ஸப்பிலும் அனுப்பிவிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்குள் முடித்துவிடும்படி உடனே பதில் வந்தது. அந்த அலுவலகம் அதற்கு முன் எதற்கும் அவ்வளவு சீக்கிரம் பதில் போட்டதில்லை.

ஒரு மணிக்கு சிவசங்கரி மூச்சிரைக்க ஓடிவந்தார். "தலபாடா அடிச்சிக்கிட்டேனே சார்! இந்த மெஷின் சிவப்பணுவக் கரைச்சிட்டு மிச்சத்த எண்ணும். பறவையோட சிவப்பணுவுக்குள்ள கரு இருக்கு, அது கரையாது. அத்தனையையும் வெள்ளணுன்னு எண்ணி வச்சிருக்கு."

"என் மெஷின் பொய் சொல்லாதும்மா."

"நீங்களே மேலிடத்துக்குச் சொல்லுங்க. நான் சொன்னா, காகிதத்துல அப்படி இல்லியேங்கறாங்க."

லூயிஸ் மெஷினைக் கழுவினார். மூன்று லட்சம். மருந்தை மாற்றினார். மூன்றேகால். பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். மெஷின் கூவிவிட்டு மறுபடி மூன்று லட்சம் என்றது. கரண்ட்டைத் திட்டினார், புயலைத் திட்டினார், நெத்திலியையும் விடவில்லை.

அப்போது பக்கிரி கக்கத்தில் ஒரு கோழியோடு வந்து நின்று, லூயிஸைப் பழைய பிரெஞ்சு மரியாதையில் அழைத்தார். "முசியே, இது எங்க வூட்டுக் கோழி. காலைலகூட முட்டை வச்சிது. இதுக்கும் பாரேன்."

சிவசங்கரி கோழியிடம் ரத்தம் எடுத்தார். அது லூயிஸின் விரலைக் கொத்தியது. மெஷின் யோசித்துவிட்டு இரண்டே முக்கால் லட்சம் என்றது.

"அப்ப போன ஞாயித்துக்கெழம நாங்க தின்னதுக்கும் இதே வியாதியா முசியே?" என்று பக்கிரி கவலையோடு கேட்டார்.

லூயிஸ் கொத்துப்பட்ட விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அலமாரியிலிருந்து மைக்ராஸ்கோப்பை எடுத்து, அதன்மேல் கிடந்த போன வருடக் காலண்டரை அகற்றி, தூசு தட்டினார். கண்ணாடித் தகட்டில் ஆலாவின் ஒரு துளியைத் தேய்த்து, சாயம் ஏற்றிப் பார்த்தார். முட்டை வடிவச் சிவப்பணுக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் நீலமாய் ஒரு கரு. வெள்ளணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, இருக்கவேண்டிய அளவுக்கு. எண்ணினார். எண்ணியது மறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து எண்ணினார். பதினொரு தகடுகளையும் முடிக்க ஐந்தேகால் ஆகிவிட்டது.

வெளியே சிவசங்கரி கடிகாரத்தையும் பக்கிரி கோழியையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

லூயிஸ் கதவை உள்ளிருந்து சாத்தினார். பதினொரு காகிதங்களிலும் மூன்று லட்சத்தின்மேல் ஒவ்வொரு கோடு போட்டார். 'தொற்று இல்லை. பறக்க விடலாம்' என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, ஐந்தரைக்கெல்லாம் மேலிடத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். இந்த முறை கையெழுத்துக்கு வால் இல்லை.