சுயேச்சை இயக்குநர்

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் தலைப்பை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர் இதுவரை எவரும் இல்லை. 'மலைப்பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் நிறும ஆளுகையும் அறிக்கையிடலின் தரமும்: கல்வராயன் மலையை முன்வைத்து ஓர் ஆய்வு.' நிறும ஆளுகை என்றால் கம்பெனியை ஒழுங்காக நடத்துவது, அவ்வளவுதான். அப்படிச் சொன்னால் பட்டம் கொடுக்க மாட்டார்கள்.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். வேலை நிரந்தரமில்லை என்பதைக் கௌரவமாகச் சொல்லும் பெயர் அது. ஆய்வுக்காலத்தை இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது. மூன்றாவது நீட்டிப்பும் அந்த ஆண்டோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்தாகும், கல்லூரியில் என் இடமும் போகும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்குதான், ஆனாலும் தெரிந்திருக்கட்டும்.

என் நெறியாளர் கருத்தரங்குக்குக் கருத்தரங்கு வெளிப்படைத்தன்மையைப் பற்றி முழங்குபவர். மாணவர்கள் எழுதும் கட்டுரையில் தன் பெயர் முதலில் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். மற்றதைப் படிக்கிற வழக்கம் அவருக்கில்லை. கேள்வித்தாளை அவர்தான் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கித் தந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள். 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை.

அதைத் தூக்கிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்தில் போய்வந்துகொண்டிருந்தேன். சாமையும் தினையும் விளைவிக்கும் மலைக் குடும்பங்கள் சேர்ந்து பதிவு செய்த ஒரு கம்பெனி அங்கே இருந்தது. பங்குதாரர்கள் அவர்களே, இயக்குநர்களும் அவர்களே. ஆனால் நடத்துவது கீழ்நாட்டிலிருந்து, அதாவது சமவெளியிலிருந்து, வந்த ஒரு அலுவலர். கணக்கைத் தணிக்கை செய்கிற ஆடிட்டர் ஒரு தடவைகூட மலையேறியதில்லை. காகிதங்கள்தான் மலையிறங்கி அவரிடம் போய்வந்தன.

'உங்கள் வாரியத்தில் சுயேச்சை இயக்குநர்கள் உள்ளனர்' என்பது பதினோராவது கேள்வி. கம்பெனியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாமல், தப்பு என்றால் தப்பு என்று சொல்லக்கூடிய ஒருவர் வாரியத்தில் இருக்கிறாரா என்பதே அதன் பொருள்.

கூடியிருந்த பெண்களில் ஒருவர், "சுயேச்சைன்னா இன்னா டீச்சரு?" என்று கேட்டார். அந்த மலையில் கையில் காகிதம் வைத்திருக்கும் பெண்கள் எல்லோரும் டீச்சர்தான்.

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு பெரியவர் பதில் சொல்லிவிட்டார். "எந்தக் கட்சியும் இல்லாம எலெக்சன்ல நிக்கிறவன்மா. நம்மூர்ல ஒருத்தன் பானைச் சின்னத்துல நின்னு தோத்தானே, அவன் போர்டுலதான் கீறான். ஆமான்னு போடு."

எல்லோரும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று போட்டார்கள். நான் திருத்தவில்லை. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மற்ற கேள்விகளுக்கும் அதே கட்டம்தான். தேடிக்கொண்டு மலையேறி வந்தவள் மனம் நோகக்கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். கல்வராயன் மலையில் வாரியச் சுதந்திரம் மிக உயர்ந்த நிலையில் உள்ளது என்று கணினி கண்டுபிடித்தது. நெறியாளர் துள்ளிக் குதித்தார். "பிரமாதம்மா, எந்தப் பெரிய கம்பெனியிலயும் இப்படி வராது" என்றார். வராதுதான்.

கரியாலூர் பக்கத்து அக்கா ஒருவர் மட்டும் எந்தக் கட்டத்தையும் நிரப்பவில்லை. அவர் அந்தக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். கையெழுத்துப் போடுவார், படிக்கத் தெரியாது. அடுத்த முறை நான் போனபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் டீச்சரு. நானு எதுல கையெழுத்துப் போட்டேன்?"

கேட்டதற்குக் காரணம் இருந்தது. வெள்ளிமலையில் கம்பெனிக்குச் சாமையின் உமி நீக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதை மலைக்குக் கீழே இருக்கும் சங்கராபுரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெண்கள் மறுபடி உரலில் குத்தினார்கள், இல்லாவிட்டால் மூட்டையைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினார்கள். ஏன் என்று கேட்டவர்களிடம், உங்கள் இயக்குநர்கள் எல்லோரும் சம்மதித்துத்தான் தீர்மானம் போட்டார்கள் என்று அலுவலர் சொல்லிவிட்டார். மற்ற இயக்குநர்கள் ஆண்கள். அவர்களைக் கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அக்காவை மட்டும் குழாயடியில் நிறுத்திக் கேட்டார்கள். சொந்த நாத்தனாரே பேச்சை நிறுத்திவிட்டார்.

என்னிடம் அந்தத் தீர்மானத்தின் நகல் இருந்தது. ஆய்வுக்கென்று வாங்கியது. படித்துக் காட்டினேன். காலை பதினொரு மணிக்கு வெள்ளிமலை அலுவலகத்தில் கூட்டம், இயக்குநர்கள் அனைவரும் நேரில் வந்திருந்தனர், இயந்திரத்தை இடம் மாற்ற ஒருமனதாக ஒப்புதல். கீழே அவர் கையெழுத்து. தேதியைச் சொன்னதும் அக்கா எழுந்து உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். பேரன் பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு. அதே தேதி, காலை பத்தேமுக்கால், கள்ளக்குறிச்சி மருத்துவமனை.

"பொண்ணு வலியில துடிச்சிக்கினு இருக்கிறா, நானு அவ கையப் புடிச்சிக்கினு நிக்கிறேன். அங்க எப்டி ஒக்காந்திருப்பேன்? ஒரு வாரங்கழிச்சி வூட்டுக்கே வந்தாங்க. வெதை குடுக்கிறதுக்குன்னு சொன்னாங்க. போட்டேன்."

தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். இவ்வளவு நாள் நான் புள்ளியியல் போட்டுக் கிண்டியதில் கிடைக்காத ஒன்று அந்தக் கவருக்குள் இருந்தது. கூட்டமே நடக்கவில்லை, நடந்ததாக எழுதியிருக்கிறார்கள், ஆடிட்டர் முத்திரை குத்தியிருக்கிறார். "இதை அப்படியே எழுதறேன்க்கா" என்றேன். "எழுதி முடிச்சதும் கல்லூரியில சபை கூட்டிப் படிப்பாங்க. யார் வேணும்னாலும் வரலாம்."

"எளுது டீச்சரு. பொம்பளைங்க முன்னாடி அதைப் படிச்சிக் காட்டிட்டா போதும்."

நெறியாளர் அந்த அத்தியாயத்தை முழுதாகப் படித்தார். ஆறு வருடத்தில் அவர் படித்த ஒரே அத்தியாயம் அதுதான்.

"ஆடிட்டர் கையெழுத்து இருக்கில்ல? அதுக்கு மேல நீ யாரும்மா?"

"சார், ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு."

"குழந்தை பொறந்ததுக்கும் கார்ப்பரேட் கவர்னன்ஸுக்கும் என்ன சம்பந்தம்? மத்த எல்லாரும் முற்றிலும் உடன்படுறாங்க. ஒருத்தர் மட்டும் விலகி நிக்கிறாங்கன்னா அது விதிவிலக்கு. தூக்கிடு. தூக்கலைன்னா வேற வழிகாட்டியப் பாத்துக்கோ."

தூக்கினேன். கோபத்தோடு தூக்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கோபத்தோடு தூக்கினாலும் தூக்கினது தூக்கினதுதான். இயக்குநர்களின் வருகைப்பதிவு நூறு விழுக்காடு என்று அட்டவணையில் நிரப்பினேன். 'இவ்வாய்வு என் சொந்த உழைப்பு, இதிலுள்ள தரவுகள் உண்மையானவை' என்ற உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

பொது வாய்மொழித் தேர்வு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார், சால்வை போடுவோம். ஆய்வாளர் முக்கால் மணி நேரம் படங்காட்டுவார். பிறகு பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்பார்கள். பொதுமக்கள் என்பது அடுத்த வருடம் இதே மேடையில் நிற்கப்போகிற சக ஆய்வாளர்கள். கேள்விகளை நாமே எழுதி முதல்நாளே அவர்களிடம் கொடுத்துவிடுவோம், பதிலையும் நாமே மனப்பாடம் செய்துகொள்வோம். முடிந்ததும் பிரியாணி. கம்பெனிகளின் ஆண்டுக் கூட்டங்களை நாடகம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிற துறைக்கு இதில் வெட்கம் ஒன்றும் கிடையாது.

அன்று கடைசி வரிசையில் நான்கு மலைப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அக்கா. இரண்டு வாரத்துக்கு முன் போனில் தேதி கேட்டார், சொன்னேன். வரமாட்டார் என்று நினைத்துத்தான் சொன்னேன். பக்கத்தில் முறைப்பாக உட்கார்ந்திருந்த பெண் அந்த நாத்தனார் என்று முகத்தைப் பார்த்ததுமே ஊகித்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம் பேசினேன். அவர்களுக்குப் புரியக்கூடாது என்று, வழக்கத்தைவிட ஜாஸ்தியாக ஆங்கிலத்தில் பேசினேன். நான் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியை மட்டும் வழக்கப்படி தமிழில் வாசித்தேன். தேர்வாளர் பொதுமக்களைப் பார்த்துக் கேள்வி உண்டா என்றார். கேள்விச் சீட்டு வைத்திருந்த தோழி எழுவதற்குள் அக்கா எழுந்துவிட்டார். கையில் அந்தக் கவர்.

"நானு அன்னிக்கு அங்க இல்லன்னு சொன்னேனே டீச்சரு, அது இந்தப் பொஸ்தவத்துல எந்தப் பக்கத்துல கீது? அத மட்டும் தமிள்ல படிங்க. இவங்க கேக்கட்டும்."

நெறியாளர் செருமினார். 'ஆய்வின் எல்லைகள்' என்ற பகுதியைச் சொல்லச் சொல்லி எனக்கு ஜாடை காட்டினார். நானும் ஆரம்பித்தேன். "இந்த ஆய்வின் எல்லைக்கு உட்பட்டு..."

"பொஸ்தவத்துல அது கீதா, இல்லியா?"

"இல்லைக்கா."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நாத்தனார் அதற்குள் வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"நானு படிக்கத் தெரியாம கையெழுத்துப் போட்டேன். நீ படிச்சிட்டில்ல போட்டுக்கீற, டீச்சரு."

பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று தேர்வாளர் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி வாசல்வரை ஓடினேன். நால்வரும் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். மூன்று பேர் சேர்ந்து முன்னால் போனார்கள், அக்கா தனியாகப் பின்னால் போனார்.