வீரசோழனுக்கு நடந்து போன கிடாய்கள்

என் பழைய டீசல் பிக்கப் லோடு ஏற்றினால் திணறும். அருப்புக்கோட்டைப் பட்டறையில் என்ஜினுக்கு டர்போ போட்டு, அதைத் தாங்கும் கிளட்ச் பிளேட்டும் மாற்றினேன். "புது பிளேட்டு பழகணும்ணே. கொஞ்ச நாளைக்கு லோடு ஏத்தாதீக" என்றார் மெக்கானிக்.

பக்ரீத் நெருங்கியிருந்தது. மறுநாளே எங்கள் ஊர் மாரிச்சாமி அண்ணனின் கிடாய்களை வீரசோழன் ஆட்டுச் சந்தைக்கு ஏற்றிவிட்டேன். அவரும் கூட வந்தார். பக்ரீத்துக்கென்றே வருசம் முழுக்க அவர் வளர்த்தவை.

திருச்சுழி தாண்டியதும் கிளட்ச் பிளேட் கருகிய வாடை வந்தது. மிதிக்க மிதிக்க என்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. மாற்று வண்டிக்குப் போன் செய்தால் எல்லா வண்டியும் லோடில் இருந்தது. வெயிலில் ஒரு கிடாய் படுத்துவிட்டது.

அண்ணன் திட்டவில்லை. பின்கதவைத் திறந்து ஒவ்வொன்றாக இறக்கினார்.

"நடத்தியா கூட்டிட்டுப் போறீக?"

"ஆட்டுக்குக் காலு இருக்குல்லப்பா. உன் வண்டிக்குத்தான் இல்ல."

படுத்த கிடாயைத் தோளில் தூக்கிக்கொண்டார். நானும் வாரேன் என்றேன். "நீ வண்டியப் பாரு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் போய்ச் சேர்வதற்குள் வாங்க வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். பாதிக் கிடாய்கள் ஊருக்கே திரும்பின.

நான் பல ஊர்களில் பல வேலை பார்த்துத் தோற்றவன். அதெல்லாம் என்னோடு போனது. அன்று போனது இன்னொருவருடைய ஒரு வருசம். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.