ஐந்தாம் வகுப்பை ஏழு முறை படித்தவன்

எங்கள் ஊரில் மெட்ரிகுலேஷன் தேறியவன் ஒருவன்கூட இல்லை. ஆனால் ஐந்தாம் வகுப்பை ஆறு முறை தேறியவன் ஒருவன் இருந்தான். ஒரு தடவைகூடத் தவறவில்லை. பெயர் நிசார் அஹமது, என் தோஸ்த். நான் அதை ஒரே தடவையில் முடித்துவிட்டேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருப்பதற்கு அந்த அவசரம்தான் காரணம் என்பான்.

ஆம்பூருக்கு ஐந்து மைல் தள்ளி, பாலாற்றங்கரையில் தாலுகா போர்டு நடத்திய ஆரம்பப் பள்ளிக்கூடம் அது. ஊரிலிருந்த மற்ற முகம்மதியர் வீட்டுப் பையன்கள் தோல் கிடங்கு முதலாளி நடத்திய உருதுப் பள்ளிக்குப் போனார்கள். நிசாரின் அம்மா ஜஹீருன்னிசாவுக்கோ, வாசலில் நின்று கூப்பிட்டால் மகன் காதில் விழவேண்டும். எதிரே இருந்தது எங்கள் பள்ளிக்கூடம்தான். 1908-இல் கொண்டுவந்து சேர்த்தாள். பிள்ளையைப் படிப்பில் சேர்க்கிறோம் என்றுதான் பாவம் அவள் நினைத்தாள்.

அவன் உண்மையில் சேர்ந்தது ஒரு கட்டத்தில். போர்டு வருஷா வருஷம் ஒரு படிவம் அனுப்பும். எந்தச் சமூகத்தில் எத்தனை பிள்ளைகள், தேறியவர்கள் எத்தனை, நூற்றுக்கு எவ்வளவு. சமூகத்துக்கு ஒரு கட்டம். எங்கள் ஹெட்மாஸ்டர் ரத்தினசாமிக்கு அந்தப் படிவம்தான் உயிர். பஞ்சமர் கட்டத்தில் பதினொரு பேர் என்று முத்து முத்தாக எழுதுவார். அந்தப் பதினொரு பேரும் வெளித் தாழ்வாரத்தில் வெயிலில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வந்த பாடத்தைக் கேட்டார்கள். எங்கே உட்கார வைத்தீர் என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

முகம்மதியர் கட்டத்தில் நிசார் மட்டும். தேறினால் நூற்றுக்கு நூறு, தவறினால் பூஜ்யம். பள்ளியை விட்டுப் போனால் கட்டமே காலி. கட்டம் காலியானால் ஹெட்மாஸ்டரை அணைக்கட்டுப் பக்கம் மலையடிவாரத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. மலை என்ற சொல்லைக் கேட்டாலே ரத்தினசாமிக்குக் குளிர் காய்ச்சல் வரும். அதனால் எங்களுக்குப் பிரம்பு, நிசாருக்குப் பொரிகடலையும் சாயங்காலத் தனிப்பாடமும்.

1913-இல் இருவரும் ஐந்தாம் வகுப்பு தேறினோம். நான் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு ஹைஸ்கூலுக்குப் போனேன். நிசார் கேட்டபோது ஹெட்மாஸ்டர் அவன் தலையைத் தடவினார்.

"இன்னாடா அவசரம்? நல்லா படிக்கிற புள்ள. இன்னொரு வருஷம் படிச்சா அஸ்திவாரம் கெட்டியாவும்."

அஸ்திவாரம் போட்டார்கள், போட்டார்கள், இன்னும் ஐந்து வருஷம் போட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் நூற்றுக்கு நூறு. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் நிசார் மீசையை மழித்துக்கொண்டு வருவான். "முகம்மதிய மாணவர் நல்ல வளர்ச்சி" என்று அவர் எழுதிவிட்டுப் போனார். அவர் எந்த வளர்ச்சியைச் சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.

1918-இல் இஷ்தியாக் அகமது என்ற மண்டி குமாஸ்தா மூன்று பையன்களோடு ஊருக்குக் குடிவந்தார். அவர் பையன்களைச் சேர்த்த அன்றைக்கு மத்தியானமே நிசார் கையில் சர்டிபிகேட் வந்துவிட்டது. ஹைஸ்கூலில் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பதினாறு வயது ஆளை முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், எங்கே உட்கார வைப்பது என்று திருப்பி அனுப்பினார்கள். தோல் கிடங்கில், பட்டணத்துக்குப் போகும் கட்டுகளின்மேல் விலாசம் எழுதும் வேலை கிடைத்தது. ஆறு வருஷம் எழுதிப் பழகின கை அச்சு மாதிரி எழுதியது.

எனக்கு இன்றைக்கும் ரத்தினசாமி மேல் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் நானும் யோக்கியன் இல்லை. சில வருஷத்தில் நான் போர்டு ஆபீஸில் குமாஸ்தா ஆனேன். அந்தப் படிவங்கள் என் மேஜைக்குத்தான் வந்தன. காலிக் கட்டம் கண்டால் சிவப்பு மையில் சுழிப்பது என் வேலை.

நிசாருக்கு வஹீதா பிறந்தாள். உருதுப் பள்ளியில் பெண்களைச் சேர்ப்பதில்லை, ஆகவே அவளும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே போனாள். 1933-இல் ஐந்தாம் வகுப்பு தேறினாள். ஆம்பூரில் பெண்களுக்கு ஒரு நடுநிலைப் பள்ளி திறந்திருந்தார்கள். பன்னிரண்டு வயது தாண்டினால் ஆறாம் வகுப்பில் எடுக்க மாட்டார்கள். வஹீதாவுக்கு வரும் பிப்ரவரியில் பன்னிரண்டு முடிகிறது. அதே சமயம் பார்த்து இஷ்தியாக் அகமது குடும்பம், பள்ளிக்கூடத்தில் இருந்த கடைசிப் பையன்களோடு, வாலாஜாபேட்டைக்குக் குடிபோய்விட்டது. கட்டத்தில் மிச்சம் வஹீதா ஒருத்திதான்.

சர்டிபிகேட் கேட்க நிசார் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ரத்தினசாமிக்குப் பல் பாதி போயிருந்தது, ஆசை போகவில்லை.

"ஒரே வருஷம், நிசாரு. வர்ற மார்ச்சுல நான் பென்ஷன்ல போய்ட்றேன். அப்பால உன் இஷ்டம்."

"வயசு தாண்டிடும் சார். அப்புறம் சேத்துக்க மாட்டாங்க."

நான் வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். "கட்டம் காலியா வந்தா மொதல்ல செவப்பு மையில சுழிக்கிறது நீதானே, சம்பத்து?"

அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தைப்போல் அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை.

நிசார் ஐந்தாம் வகுப்புக்குள் போனான். கைலியைச் சுருட்டிக்கொண்டு, பொடிசுகளுக்கு நடுவே, தன் பழைய பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான்.

"என் பேரை எழுதிக்குங்க சார். அவளுக்கு சர்டிபிகேட்ட குடுங்க."

"உனக்கு முப்பது வயசுக்கு மேல ஆவுதுடா!"

"படிவத்துல வயசுக்குக் கட்டம் கீதா சார்?"

ரத்தினசாமி படிவத்தை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். வயசுக்குக் கட்டம் இல்லை. "ஆனா ஒரு நாள் ஆப்சென்ட் ஆனாலும் பேரை அடிச்சிடுவேன், ஆமா" என்று முனகிக்கொண்டே பேனாவை நனைத்தார்.

அதனால் வஹீதாவை ஆம்பூரில் சேர்க்க நிசாரால் வர முடியவில்லை. காலையில் ஆஜர் சொல்லவேண்டும், சொல்லிவிட்டுத் தோல் கிடங்குக்கு ஓடவேண்டும். நான் ஜட்கா வைத்துக் கூட்டிப்போனேன். தலைமை ஆசிரியை அன்னம்மாள் சர்டிபிகேட்டைப் படித்துவிட்டு, தன் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். அங்கேயும் கட்டம் கட்டமாக இருந்தது.

"அப்பா இன்னா வேலை பாக்கறாரும்மா?"

தோல் கிடங்கு என்று சொல்ல நான் வாயெடுத்தேன். வஹீதா முந்திக்கொண்டாள்.

"அஞ்சாம் கிளாஸ் படிக்கறாரு டீச்சர்."

அன்னம்மாள் சிரித்துவிட்டாள். வஹீதா சிரிக்கவில்லை.

"எனக்குப் பதிலா" என்றாள்.