கனடாவுக்குப் போய் வந்த கசற்

என் மேசையில் கறுப்பு வீடியோ கசற் ஒன்று இருக்கிறது. அதன் முதுகில் ஒட்டிய வெள்ளைத் தாளில், "அக்காவுக்கு. கவனமாய் வைச்சிரு" என்று நீலப் பேனையால் எழுதியிருக்கிறது. எழுத்து என் மனைவியுடையது. எங்கள் கலியாணத்துக்கு வர முடியாமல் கனடாவில் விசாவுக்காகக் காத்திருந்த தமக்கைக்கு, இருபது வருடங்களுக்கு முன் அவள் தன் கையால் எழுதி அனுப்பிய கசற் அது. மனைவி இறந்து பதின்மூன்று வருடங்கள் ஆகிவிட்டன. கசற் இந்த வருடம்தான் நெடுந்தீவுக்குத் திரும்பி வந்தது.

அது திரும்பி வந்ததற்குக் காரணம் என் மகளின் காய்ச்சல். போன வருடம் தென்மேற்குச் சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்களில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள், யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவதே நல்லது என்று இங்குள்ள வைத்தியர் சொன்னார். காலைப் படகின் அடித்தட்டில், பலகை வாங்கில், அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பதின்மூன்று வருடங்களுக்கு முன்பும் அதே காற்றுதான், அதே கடல்தான். அன்றைக்கு மடியில் இருந்தது அவளுடைய தாயின் தலை. தாயையும் காய்ச்சலோடுதான் கொண்டுபோனேன். திரும்பிக் கூட்டிவரவில்லை. அப்போது மகளுக்கு இரண்டு வயது. படகு குறிகட்டுவான் துறையை நெருங்கும்போது மகள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "அப்பா, அம்மாவின்ர குரல் எப்பிடி இருக்கும்?"

அந்தக் குரல் எனக்குள் இல்லை என்று அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. மனைவி சொன்ன வார்த்தைகள் எல்லாம் எனக்கு ஞாபகம். "இஞ்சருங்கோ" என்று அவள் கூப்பிட்டது ஞாபகம். ஆனால் அதை நினைக்கும்போது என் மனதுக்குள் கேட்பது என்னுடைய குரல். எப்போது அது மாறியது என்று தெரியவில்லை.

மகள் ஆறு நாளில் எழும்பிவிட்டாள். நான்தான் இன்னும் எழும்பவில்லை. அவள் ஒரு தரம் இருமினால் போதும், மாணவர்களின் கொப்பி திருத்திக்கொண்டிருக்கும் கை நின்றுவிடும். போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். "நான் என்ன அடுப்பிலை வைச்ச கேத்திலோ அப்பா, நெடுகத் தொட்டுத் தொட்டுப் பாக்கிறியள்?" என்று அவள் சினப்பாள். பதினைந்து வயது. சினப்பதில் நியாயம் இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு கலியாணக் கசற் உண்டு. ஆனால் அதில் ஒரு குரலும் இல்லை. அந்த நாட்களில் கலியாண வீடியோ என்றால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை சினிமாப் பாட்டு ஓட வேண்டும். எங்கள் வீடியோக்காரர் முதலில் வெறுமனே போட்டுக் காட்டினார். பின்னால் ஆட்கள் பந்தியில் சத்தம் போடுவதும், யாரோ வாளியைக் கேட்டுக் கத்துவதும் கேட்டது. "இதென்ன சந்தை மாதிரி இரைச்சல், பாட்டைப் போட்டு விடுங்கோ" என்று சொன்னவன் நான்தான். ஒரு கிழமையில் மேலே பாட்டு ஏற்றிய கசற் வந்தது. மூலக் கசற்றில் அவர் அடுத்த கலியாணத்தைப் பதிந்துவிட்டார். என் மனைவி அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். திரையில் அவள் வாய் அசைகிறது, வெளியே வேறு யாரோ பாடுகிறார்கள். "நல்ல காலம், இப்பவே என்ர வாயை மூடிப்போட்டியள்" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள்.

ஆனால் பாட்டு ஏற்றுவதற்கு முன் ஒரு கொப்பி போயிருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பொறுமை இராது. பயணம் போகும் ஆள் கிடைத்தால் உள்ளது உள்ளபடியே ஒரு பிரதி எடுத்துக் கொடுத்துவிடுவது வழக்கம். மனைவியின் தமக்கைக்கு, என் மச்சாளுக்கு, போனது அதுதான். மகளோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழமை அவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "இருக்குது தம்பி, சீலைக்குள்ளை சுத்தி வைச்சிருக்கிறன். ஓட்டத்தான் ஒரு சாமானும் இஞ்சை இல்லை" என்றார். அங்கேயே ஒரு கடையில் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டு நானே வேண்டாம் என்றேன். தொலைந்துபோனால்? "நீர் யோசிக்காதையும். கோயில் திருவிழாவுக்கு நயினாதீவுக்கு வாற ஆக்களிட்டைக் கையிலை குடுத்து விடுறன்" என்றார். அப்படியே வந்து சேர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் உள்ள கணினிக் கடைக்கு அதைக் கொண்டுபோனேன். கடையை நடத்துகிறவர் முப்பது வயதிருக்கும் ஒரு பெண். கசற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. "பூஞ்சணம் சேர். ஒருக்காத்தான் ஓடும் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. ரெண்டாந்தரம் ஓட்டினா என்ன மிஞ்சுமெண்டு சொல்லேலாது" என்றார். ஆகவே ஓடும் அந்த ஒரு தரத்திலேயே கணினியில் பதிந்துவிட வேண்டும். அதற்கு எது வாங்குவது என்பதுதான் கேள்வி.

இரண்டு சாமான்களை முன்னால் வைத்தார். ஒன்று பெருவிரல் அளவில், கணினிக்கு வெளியே குத்துவது, புதியது. மற்றது கணினியைத் திறந்து உள்ளே பூட்டும் பழைய ரிவி காட், ஒரு மின் அட்டை. உள்ளங்கையிலும் பெரியது, ஏரியல் குத்தவும் ஒரு துவாரம் இருந்தது. யாரோ கழற்றிக் கொடுத்தது என்றார். "இப்ப ஆர் சேர் கொம்பியூட்டரிலை ஏரியல் குத்தி ரிவி பாக்கினம்? கசற் ஏத்தத்தானெண்டா உங்களுக்குச் சின்னன் காணும்." நான் விடவில்லை. எது சத்தத்தை நன்றாக எடுக்கும், நடுவில் நின்றுவிட்டால் பதிந்தது இருக்குமா, என் கணினி தாங்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் சிரித்துவிட்டார். "நீங்கள் காட் வாங்க வந்தனீங்களோ சேர், எனக்குச் சோதினை வைக்க வந்தனீங்களோ?" பிறகு, "கசற் எங்கை எடுத்தது?" என்று கேட்டார். நெடுந்தீவில் என்றேன். அது உண்மைதான். புதியது நம்பிக்கையானது என்று சின்னதையே வாங்கினேன்.

வீட்டில், கசற் ஓட்டும் எங்கள் பழைய டெக்கைக் கணினியோடு பொருத்தி, முதலில் பாட்டுப் போட்ட கசற்றை ஓட்டிப் பரீட்சித்தேன். நிறமும் சத்தமும் குறையில்லாமல் வந்தன. மனதைத் திடப்படுத்திக்கொண்டு மச்சாளின் கசற்றைப் போட்டேன். திரையில் நிறமில்லை. கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ கீழிருந்து மேலே ஓடியது, கிழிந்தது, மறுபடி ஓடியது. ஐந்து விநாடிக்குள் நிறுத்திவிட்டேன். இருந்த ஒன்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். கடைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நிப்பாட்டிப்போட்டீங்களோ? நல்லது. அழாதேங்கோ சேர்" என்றார் கடைக்காரப் பெண். நான் அழுவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "கசற் வெளிநாட்டுக்குப் போய் வந்ததோ?"

"ஓம், கனடாவுக்கு."

"ஐயோ சேர், அதையெல்லோ முதல் சொல்லோணும்! நான் கேக்க நெடுந்தீவெண்டனீங்கள்."

"நெடுந்தீவிலைதானே எடுத்தது?"

"எடுத்தது நெடுந்தீவு. கொப்பி அடிச்சது கனடாவுக்கு!"

எனக்கு இருபது வருடங்களுக்கு முந்தைய ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. கனடாவுக்குப் போகும் கசற் என்றால் கடையில் அந்த நாட்டு முறைக்கு மாற்றித்தான் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் அங்கே ஓடாது. தீவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அனுப்பும்போது மாற்றியதை அறிந்திருந்த நான், திரும்பி வரும்போதும் அது மாறியபடியே இருக்கும் என்பதை யோசிக்கவில்லை. பூமிசாஸ்திர வாத்தியார் நான். "கசற் பழுதில்லை. உங்கட டெக் அதை ஓட்டுது. ஆனா வெளியாலை விடுற படம் பாதி அந்த நாட்டு முறை, பாதி இந்த நாட்டு முறை. சின்னனுக்கு அது விளங்காது. அந்தப் பழைய காட்டுக்கு விளங்கும்" என்றார் கடைக்காரப் பெண். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு முறையும் ஓட்டுற டெக் எல்லாரிட்டையும் இராது சேர். ஆரோ யோசிச்சு வாங்கியிருக்கினம்" என்றார்.

வாங்கியது அவள்தான். கலியாணம் முடிந்த அடுத்த வருடம், இதே யாழ்ப்பாணத்தில். நான் மூன்று கடை ஏறி இறங்கி, விலை குறைந்த ஒன்றில் மனதை வைத்து, அதையும் முடிவெடுக்க ஏலாமல் நின்றேன். அவள் கடைக்காரரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டாள். "கனடாக் கசற் ஓடுமோ?" ஓடும் என்றார் அவர். "இதைக் கட்டுங்கோ." வெளியே வந்ததும் நான் முணுமுணுத்தேன். யார் எங்களுக்குக் கனடாவிலிருந்து கசற் அனுப்பப் போகிறார்கள் என்று கேட்டேன். "அக்கா பிள்ளை பெத்தா அனுப்பமாட்டாவே? ஒருநாளைக்கு வரும், பாருங்கோவன்" என்றாள். டெக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸின் யன்னலோரம் இருந்தாள். கடலுக்கு நடுவே போகும் புங்குடுதீவுத் தாம்போதியில் பஸ் குலுங்கியபோதெல்லாம் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். மச்சாள் கடைசிவரை கசற் ஒன்றும் அனுப்பவில்லை. காலம் மாறி எல்லாம் தொலைபேசிக்குள் வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை கணினியைப் படுக்கை விரிப்பில் சுற்றித் தூக்கிக்கொண்டு படகேறினேன். மகள் டெக்கை வைத்திருந்தாள். "என்ன சேர், பள்ளிக்கூடத்தையே கழட்டிக்கொண்டு போறியளோ?" என்றார் படகுக்காரர். கடையில் அந்தப் பெண் பழைய காட்டைப் பூட்டினார். தன்னிடமிருந்த வேறொரு கனடாக் கசற்றை எங்கள் டெக்கில் ஓட்டி, இரண்டும் கலந்த அந்த முறையைப் பட்டியலில் தேடித் தெரிவு செய்தார். மேலே ஓடிக்கொண்டிருந்த படம் நிலைத்து நின்றது, நிறம் வந்தது. எங்கள் கசற்றையும் அங்கேயே பதிந்து தரும்படி கேட்டேன். என் கையில் எனக்கு நம்பிக்கையில்லை. அவர் மகளைப் பார்த்தார். "இல்லை சேர். இதை முதல் கேக்கவேண்டியது நான் இல்லை. நீங்கள் வீட்டை போய்ப் பிள்ளையோடை இருந்து போடுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு இருந்தோம். மின்சாரம் நிற்குமோ, வயர் கழருமோ என்று நான் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "பதியுதப்பா. கையை எடுங்கோ, இருங்கோ" என்றாள் மகள். பந்தல் வந்தது. மேளம் வந்தது. வாளியைக் கேட்டுக் கத்தியவர் அப்படியே கத்தினார். நான் சந்தை என்று வெறுத்த அந்த இரைச்சல் இவ்வளவு இனிமையாக இருந்தது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. பிறகு மணவறைக் கதிரையில் அவள். வீடியோக்காரர், "கனடாவிலை அக்கா பாக்கப்போறா, ஏதும் சொல்லுங்கோ" என்கிறார். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்து, நிமிர்கிறாள்.

"அக்கா… எல்லாம் நல்லா நடக்குது. இவர் நல்லவராத்தான் கிடக்கு. ஒரு செருப்பு வாங்கவும் ஒரு நாள் வேணும் இவருக்கு, மற்றும்படி குறையில்லை."

மகள் வெடித்துச் சிரித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான் நினைத்து வைத்திருந்ததைவிடத் தடித்த குரல். ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். அதை எப்படி மறந்தேன்?

"நீ இப்ப அழுதுகொண்டிருப்பாய், எனக்குத் தெரியும்" என்றாள் திரையில். "சாப்பிட்டனியோ? முதல் சாப்பிடு, பிறகு இருந்து பார்."

"ஓம், சாப்பிட்டனான்" என்றாள் மகள்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. தான் பதில் சொன்னதை அவள் அறிந்தாளோ தெரியாது. என் கை அவள் நெற்றிக்குப் போகப் புறப்பட்டுப் பாதியில் நின்றது. நெற்றியைத் தொடாமல் அவளுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தேன். அப்படி இருந்து எத்தனையோ மாதமாகிறது.

நாற்பதாவது நிமிடத்தில் நாடா டெக்குக்குள் இறுகி அறுந்தது. அதுவரை வந்ததை மகள் மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறாள். கசற்றைக் கவனமாக வெளியே எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தேன். படத்தை மச்சாளின் தொலைபேசிக்கு அனுப்பிவிட்டுக் கதைத்தபோது, கசற்றைத் திருப்பி அனுப்ப எப்போது ஆள் கிடைக்கும் என்று கேட்டார். இனி அது ஓடாது, அறுந்துபோய்விட்டது, எதற்கு என்று கேட்டேன்.

"ஓடாட்டி என்ன தம்பி" என்றார் மச்சாள். "கவனமாய் வைச்சிரு எண்டெல்லோ எழுதி விட்டவள்."