என் கணவர் ஆப்பரேஷன் செய்துகொண்ட வருஷம்

நான் ஐந்து பெற்றதில் மூன்று தங்கின. கடைசிப் பிரசவத்தில் நான் பிழைத்ததே பெரிது. அதைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் என் கணவர் அந்த வைகாசியில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்குப் போனார். எங்கள் தெருவில் போன முதல் ஆள் அவர்தான். ஆண்பிள்ளைக்கு ஆப்பரேஷன் செய்தால் ஏர் பிடிக்க வலு இருக்காது என்று பேசிக்கொண்டார்கள். ஒரு வாரம் மெதுவாக நடந்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். தெருவும் மறந்துவிட்டது.

ஆவணியில் நடவுக் கூலித் தகராறு வந்தது. மிராசுதார் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். எங்கள் ஆட்கள் வரப்பில் மறித்து நின்றார்கள். போலீஸ் லாரி வந்து பதினோரு பேரை ஏற்றிப்போனது. அவரும் அதில் இருந்தார்.

அவர் போன நாலாம் நாள்தான், எனக்கு நாள் தள்ளிப்போயிருப்பதைக் கவனித்தேன். அலைச்சல் என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை வாய்க்காலில் குனிந்ததும் குமட்டியது. ஐந்து பெற்றவளுக்கு அதற்கு மேல் சந்தேகம் ஏது?

புருஷன் ஆப்பரேஷன் செய்துகொண்டவன். இப்போது ஜெயிலில் இருக்கிறான். ஊர் என்ன சொல்லும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பப்பாளிக்காயைப் பச்சையாகத் தின்றேன். எள்ளும் வெல்லமும் இடித்துத் தின்றேன். ஒன்றும் நடக்கவில்லை.

"என்னடி, சோத்தைக் கண்டா எழுந்து ஓடுற?" என்று மாமியார் கேட்டாள்.

"பித்தம், அத்தை."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் தட்டை எடுத்து மூடி வைத்தாள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

சின்னவனுக்கு இருமல் என்று சொல்லி அவனைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தேன். நர்சம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூணு மாசம் வரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும்னு அவர்கிட்ட சொல்லித்தானே அனுப்பினோம். உங்கிட்ட சொல்லலையா?"

"என்ன ஜாக்கிரதைங்க?"

"ஆப்பரேஷன் ஆன உடனே எல்லாம் நின்னுடாதும்மா. உள்ள தங்கினது கொஞ்ச நாளைக்கு இருக்கும். உம்மேல தப்பு இல்ல. அவர் வந்ததும் கூட்டிட்டு வா, நானே சொல்றேன்."

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் பாதி வழியிலேயே பயம் திரும்பிவிட்டது. நர்சம்மா சொன்னதை அவர் நம்ப வேண்டுமே.

இருபதாம் நாள் தாடியோடு வந்தார். மத்தியானம் சோறு போட்டுவிட்டு, நர்சம்மா சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். தட்டில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. ஓடிப்போய் எங்காவது விழுந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

"சொன்னாங்க புள்ள," என்றார் கடைசியில். "மூணு மாசத்துக்கு மாட்டிக்கச் சொல்லி உறைகூடக் குடுத்தாங்க. அதை எப்படி வீட்டுக்குக் கொண்டாறதுன்னு வெக்கப்பட்டு, வாய்க்கால்ல போட்டுட்டேன்."

நான் அழுதேன். இத்தனை நாள் நான் செத்துச் செத்துப் பிழைத்தது அவருடைய வெட்கத்துக்காக. அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது.

கை கழுவிக்கொண்டு போய் அம்மாவிடம், "தப்பு எம்மேலதாம்மா," என்றார்.

"எங்கிட்ட சொல்லி என்னடா ஆவுது? தெருவுல சொல்லு."

அன்று சாயங்காலம் கூலி விஷயம் பேசச் சங்கத்து ஆட்கள் கூடியிருந்தார்கள். பேச்சு முடிந்ததும் அவர் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். நான் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். அவரோடு ஜெயிலில் இருந்த ஒருவர் மட்டும் சிரிக்காமல், அடுத்த முகாம் எப்போது என்று கேட்டார்.

பிரசவம் வரைக்கும் எனக்குத் தூக்கமில்லை. போன தடவை போல ஆனால் மூன்று பிள்ளைகளை யார் பார்ப்பது? சித்திரையில் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். இரண்டு பேரும் பிழைத்தோம்.

அவள் பிறந்த பிறகு எங்கள் தெருவுக்கு வாழ வந்த மருமகள்கள் பெரும்பாலும் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டார்கள்.